புகையை எண்ணிய கரடி

மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்குக் காட்டில் கரடி தலைவனாக இருந்தது. அங்கிருந்த விலங்குகள் தீ மூட்டக் கற்றிருந்தன. கிழங்கு சுட்டுத் தின்றன. குளிரில் குட்டிகளுக்குச் சூடு காட்டின. வயிறும் நிறைந்தது, காடும் செழித்தது.

தினமும் காலையில் கரடி பாறைமேல் ஏறி, எத்தனை இடத்தில் புகை எழுகிறது என்று எண்ணும். புகை கூடினால் காடு வளர்கிறது என்று அர்த்தமாம்! ஆரம்பத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

ஒருநாள் நரி மூச்சிரைக்க ஓடி வந்தது. "தலைவரே! அடுத்த மலைக் காட்டில் நாற்பது புகை. நமக்கு முப்பதுதான்!"

கரடிக்கு மானமே போய்விட்டது. "நாளைக்கு இங்கே ஐம்பது எழ வேண்டும்!"

"அவ்வளவு கிழங்கு இல்லையே?" என்றது நரி.

"கிழங்கை யார் கேட்டது? புகைதான் வேண்டும்!"

அன்றிலிருந்து சுட ஒன்றுமில்லாமலே தீ எரிந்தது. விலங்குகள் பச்சை மரங்களைச் சாய்த்துத் தீயில் போட்டன. பச்சை மரம்தான் நன்றாகப் புகைகிறதாம்! இந்தப் புத்தியை எங்கே போய்ச் சொல்வது?

ஓர் ஆண் இருவாச்சிப் பறவை பதறிக்கொண்டு வந்தது. அதன் பெட்டை முட்டையிட மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தது. அலகு நுழையும் சந்து மட்டும் மிச்சம். குஞ்சு வளரும்வரை வெளியே வராமல் இருப்பது இருவாச்சிகளின் வழக்கம்.

"தலைவரே, கிழங்கு சுடும் தீ இருக்கட்டும். வெறும் தீயை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள்! உள்ளே என் பெண்டாட்டி மூச்சுத் திணறுகிறாள். குஞ்சு பொரித்து நாலு நாள்தான் ஆகிறது!"

"ஒரு பொந்துக்காகக் காட்டின் வளர்ச்சியை நிறுத்துவதா?" என்று கரடி உறுமியது. "காற்றடித்தால் புகை தானே போய்விடும், போ!"

காற்று அடிக்கவில்லை. புகை பள்ளத்தாக்கிலேயே தேங்கி நின்றது.

இருவாச்சி அத்திப்பழத்தோடு திரும்பி வந்து, சந்துக்குள் அலகை நீட்டியது. வாங்கிக்கொள்ள உள்ளிருந்து அலகு வரவில்லை. "பழம் கொண்டுவந்திருக்கிறேன்! இந்தா, பழம்!" என்று பொழுது சாயும்வரை கூப்பிட்டது. பாவம், அது வேறென்ன செய்யும்?

மறுநாள் காலை கரடி இருமிக்கொண்டே பாறைமேல் ஏறியது. கீழே காடே தெரியவில்லை. எங்கும் ஒரே புகை. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று அது விழித்தபோது, பின்னால் குகைக்குள் அதன் சொந்தக் குட்டி விடாமல் இருமும் சத்தம் கேட்டது.

வயிறு நிறைந்ததா என்று பார்க்காமல் புகையை எண்ணி வளர்ச்சியை அளப்பவர்கள், கடைசியில் தம் பிள்ளைகளின் மூச்சைத்தான் எரிக்கிறார்கள்.