வாளி கேட்ட மண்டபம்

ஒரு ஊர்ல ஒரு பல்கலைக்கழகம். அதுக்கு ஒரு பட்டமளிப்பு மண்டபம். வெள்ளைக்காரன் கட்டினது. அவனுக்குப் பள்ளிவாசல் கும்மட்டமும் பிடிச்சுது, கோயில் தூணும் பிடிச்சுது, மாதா கோயில் கலர் கண்ணாடியும் பிடிச்சுது. எதை விடறதுன்னு தெரியாம எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிட்டுக் கப்பலேறிட்டான். ஆனாலும் அழகாத்தான் இருந்துச்சு. நடுவுல அண்டாவைக் கவுத்த மாதிரி கும்மட்டம், சுண்ணாம்புல கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைச்சுப் பூசினது. அதோட கழுத்தைச் சுத்திக் குட்டிக் குட்டி ஜன்னல். காத்து விர்ர்ருனு வரும், விர்ர்ருனு போகும்.

"வவ்வால் இருந்துச்சா?"

இருந்துச்சு. நாள் தவறாம மண்டபத்துக்கு வந்த ஒரே ஜீவன் அதுதான். ம் கொட்டு.

"ம்."

அப்புறம் அங்க வைகுண்டமணின்னு ஒரு துணைவேந்தர். பல்கலைக்கழகத்துக்கே பெரியவர். பாவம், பதவிக்காலம் முடியப் போவுது. பட்டமளிப்பு விழாவுக்கு வர்ற மந்திரி மனசு குளிர்ந்தா, நாற்காலி இன்னும் கொஞ்ச காலம் ஒட்டிக்கும். அப்போ மண்டபத்தைப் புதுசாக்கிக் காட்டணும்னு காண்ட்ராக்டர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்.

"கும்மட்டம் கருத்துக் கெடக்கே, ஏகாம்பரம்?"

"சுரண்டிட்டு சிமெண்ட் பூசிடலாங்க ஐயா."

சுண்ணாம்பைச் சர்ர் சர்ர்னு சுரண்டினாங்க. சிமெண்டைச் சப்பு சப்புனு அப்பினாங்க. வெயில்ல அது பட்டு பட்டுனு வெடிச்சுது. அதுவரைக்கும் ஒழுகாத மண்டபம், சொட்டு சொட்டுனு ஒழுக ஆரம்பிச்சுது.

"என்னய்யா ஒழுகுது?"

"ஜன்னல்ல சாரல் அடிக்குதுங்க. அடைச்சிடலாம்."

அடைச்சாங்க. ஒழுகறது நிக்கல. ஆனா உள்ள பேசினா, பேச்சோட வால் மட்டும் திரும்பி வந்துச்சு. "வணக்கம்"னா "கம்... கம்..."னு. வவ்வால் வேற வேலை தேடிப் போயிடுச்சு.

"ம்."

"இப்ப என்னய்யா செய்யறது?"

"மேடைக்கு மேல பட்டுத்துணி கட்டிடலாங்க. ஒழுகறது வெளிய தெரியாது."

வெளிய தெரியாதுன்னதும் துணைவேந்தருக்கு முகமெல்லாம் பல்லு. கட்டினாங்க. மிச்சத் துணி ஏகாம்பரம் வீட்டு ஜன்னலுக்குப் போச்சு.

விழா நாள். சோன்னு மழை. மேல பட்டுத்துணிக்கு மெதுவா தொந்தி விழுந்துச்சு. கீழ சரியா மந்திரி. வைகுண்டமணி மைக்கைப் பிடிச்சார்.

"இங்கே கூடியிருக்கும் ஒவ்வொருவரும் அறிவாளி!"

கும்மட்டம் சொல்லுச்சு: "வாளி... வாளி... வாளி..."

பட்டம் வாங்க வந்த பிள்ளைங்க கொல்லுனு சிரிச்சுதுங்க. பாராட்டறாங்கன்னு நெனச்சு அவர் இன்னும் கத்தினார்.

"நம் அமைச்சரோ மாபெரும் அறிவாளி!"

"வாளி... வாளி... வாளி..."

"யாருய்யா அது, விடாம வாளி கேக்கறது?"ன்னு மந்திரி அண்ணாந்து பார்த்தார். அப்போ, டர்ர்ர்... தொபுக்கடீர்!

மந்திரி மனசு குளிர்ந்துச்சு. மனசு மட்டுமா, தலையிலேருந்து செருப்பு வரைக்கும் குளிர்ந்துச்சு.

"வாளி... கொண்டு வந்தாங்களா?"

கொண்டு வந்தாங்க. தோட்டத்து நீல வாளி. மேடை நடுவுல வச்சாங்க. டொக்கு, டொக்கு. அடுத்த வாரம் வைகுண்டமணி வீட்டுக்குப் போயிட்டார். அப்புறம் எத்தனையோ துணைவேந்தருங்க வந்தாங்க, போனாங்க. வாளிக்கு மட்டும் வருஷா வருஷம் பதவி நீட்டிப்பு கிடைச்சுக்கிட்டே இருக்கு.

ம் சொல்லு... சரி, கதை சொட்டி முடிஞ்சுது. கண்ணை மூடு.