கட்டிலோடு வந்தவர்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் காலை ஜெபத்துக்கு மணி அடித்தது. ஞானசிகாமணி கட்டிலை விட்டு எழவில்லை. அவர் வந்து அன்றோடு பத்து நாள். ஜெபத்துக்கு ஒரு நாளும் எழுந்ததில்லை.

ஒரு காலத்தில் அவர் பெயரைப் போட்டுச் சுவரொட்டி ஒட்டினால் மைதானம் நிறையும். முப்பது வருஷம் நற்செய்திக் கூட்டங்களில் பேசியவர். படுத்துக் கிடந்தவனை இயேசு எழுப்பிய கதைதான் அவருடைய பேர்போன பிரசங்கம். "எழுந்து நட!" என்று அவர் மேசையைத் தட்டினால், கால் நன்றாக இருக்கிறவர்களும் எழுந்து நின்றுவிடுவார்கள். மனம் சோர்ந்து வருகிறவர்களிடம் மட்டும் அவருக்குப் பொறுமை கிடையாது. "கர்த்தருடைய பிள்ளைக்கு என்னய்யா சோர்வு? விசுவாசம் இல்லைன்னு சொல்லு, ஒத்துக்கிறேன்" என்பார். கூட்டம் அல்லேலூயா போடும். ஊருக்கு உபதேசம் செய்வதில் என்ன கஷ்டம்?

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவருக்கு அந்தச் சோர்வு ஐம்பத்தெட்டாவது வயதில் வந்தது. மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் ஏறி நின்றார். வாய் திறக்கவில்லை. இறங்கி வீட்டுக்கு வந்து படுத்தவர்தான்.

டாக்டர் இது நோய் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதை அவர் தொடவில்லை. ஜெபித்துப் பார்த்தார். சுவரோடு பேசுவது போல இருந்தது. பத்து மாதத்தில் சாப்பாடு பாதியாகி, அப்புறம் கால்வாசியானது. மனைவி ரூபி பயந்துபோய் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். "இவர் எனக்கு உயிரோட வேணும், அவ்வளவுதான்" என்று மாத்திரை அட்டையைச் சலோமியின் கையில் வைத்து அழுதாள்.

சலோமிதான் அங்கே குரு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. தங்க வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்குச் சீடர்கள். அங்கே பெண்கள் எல்லாரும் அக்கா, ஆண்கள் எல்லாரும் அண்ணன், வயது பார்ப்பதில்லை. மகள் வயதுக்காரியை அக்கா என்று கூப்பிட ஞானசிகாமணிக்கு நாக்கு எழவில்லை. பேசிய நாலு வார்த்தையையும் மொட்டையாகவே பேசினார்.

மணி நின்றதும் சலோமி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஜெபத்துக்கு வரலையா?"

"வரலை."

"சரி."

அந்தச் ‘சரி’ அவரைச் சுட்டது.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"சொல்லுங்க."

"யார்கிட்ட வந்து ஜெபம் பண்ணச் சொல்றே? முப்பது வருஷம் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்துனேன். எனக்கு ஒண்ணுன்னு வந்ததும் வாயைத் திறக்க மாட்டேங்கிறார். வேலை முடிஞ்சுது, தூக்கிப் போட்டுட்டார்."

"இதை அங்க வந்து அவர்கிட்டயே சொல்லலாமே."

"எந்திரிக்க முடியலைம்மா! மாட்டேன்னு சொல்லலை. முடியலை. உனக்கெல்லாம் சொன்னாப் புரியாது."

"எந்திரிங்கன்னு நான் சொல்லவே இல்லையே, அண்ணே."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். விட்டது தொல்லை என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

கொஞ்ச நேரத்தில் கட்டில் ஆடியது. திரும்பிப் பார்த்தால், கால்மாட்டில் சமையல்கார மாசிலாமணியும் தோட்டக்கார யோபுவும் ஆளுக்கொரு கட்டில் காலைப் பிடித்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு பக்கம் சலோமி. இன்னொரு பக்கம் யாரோ நெட்டையான ஆள். படுத்தவாக்கில் முகம் தெரியவில்லை. கட்டில் மேலே எழும்பியது.

"ஏய், என்ன பண்றீங்க? இறக்குங்க! நான் என்ன பொணமா?"

"பொணம்னா பேசாம வருமே" என்றார் மாசிலாமணி.

நெட்டையனும் குட்டையான சலோமியும் சேர்ந்து தலைமாட்டைப் பிடித்ததில் கட்டில் சலோமி பக்கம் சாய்ந்தது. ஞானசிகாமணி சரிந்து, சட்டத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். முற்றத்தைத் தாண்டும்போது வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். ஜெபக்கூடத்து வாசல் குறுகல். கட்டிலைச் சரித்து நுழைத்தார்கள். அவருடைய முழங்கை நிலைப்படியில் இடித்தது. அந்த வலியும் கோபத்தோடு சேர்ந்துகொண்டது.

உள்ளே பாயில் இருபது பேர் இருந்தார்கள். நகர்ந்து உட்கார்ந்து நடுவில் இடம் விட்டார்கள். கட்டிலை இறக்கியதும் பாட்டு நின்றது. யாரும் அவரைப் பாவமாகப் பார்க்கவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"எங்கே இருக்கீர்?" என்று கூரையைப் பார்த்துக் கத்தினார். திட்டும்போதும் முப்பது வருஷத்துப் பழக்கம் விடவில்லை, ‘நீர்’ என்றுதான் வந்தது. "கூப்பிட்டா வருவீர்னு ஊர் ஊராச் சொல்லி வச்சேனே! நான் கூப்பிட்டேன். பத்து மாசமாக் கூப்பிட்டேன். வந்தீரா? என்னைப் பொய்யனாக்கிட்டீர்!"

"ஆமென்" என்றார்கள் இருபது பேரும்.

அங்கே யார் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் ஆமென் சொல்வது வழக்கம். பத்து நாளில் ஒரு நாளாவது வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"இது ஜெபம் இல்லை!"

"ஆமென்."

"கேலி பண்றீங்களா? அவர் மேல எனக்குக் கோபம். அவர் மூஞ்சியிலேயே முழிக்க எனக்குப் பிடிக்கலை!"

"ஆமென்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. பத்து மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. துண்டுகூட இல்லாமல் வந்திருந்தார். போர்வையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார்கள்.

ஜெபம் முடிந்து எல்லாரும் போனார்கள். நெட்டையன் ஒரு செம்பில் தண்ணீரோடு முன்னால் வந்தான். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம்.

"தெரியலையா, பிரதர்? வேதமாணிக்கம். எட்டு வருஷத்துக்கு முந்தி உங்க கூட்டத்துல ஜெபத்துக்காக மேடை ஏறினேன். என் சட்டைப் பையில இருந்த, மனசுக்கு டாக்டர் குடுத்த மாத்திரையை எடுத்து மைக் முன்னால காட்டுனீங்க. ‘இதுதான் உன் தெய்வமா?’ன்னு கேட்டுத் தூக்கி எறிஞ்சீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. எங்க அம்மாவும் தட்டினாங்க."

ஞானசிகாமணி போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் மாத்திரையை விட்டேன். ரெண்டு வருஷம் வீட்டை விட்டு வெளிய வந்து வெயிலைப் பாக்கலை. உங்க மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு, பிரதர். போகலை."

"அப்புறம் ஏன் தூக்கிட்டு வந்தே?"

"கட்டிலுக்கு நாலு கால். மூணு பேர்தான் இருந்தாங்க."

செம்பை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

சலோமி மாத்திரை அட்டையோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஞானசிகாமணி அதைப் பார்த்தார்.

"எனக்கு விசுவாசம் இல்லை, அக்கா. தேடிப் பாத்துட்டேன். துளிகூட இல்லை."

முதல் தடவையாக அக்கா என்று கூப்பிட்டிருந்தார். அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நாலு பேர் ஒருத்தனைக் கட்டிலோட தூக்கிட்டு வந்து, கூரையைப் பிரிச்சு இயேசு முன்னால இறக்கினாங்களே. அவனைப் பத்தி எத்தனை தடவை பேசியிருப்பீங்க?"

"இருநூறு தடவை இருக்கும்."

"அவன் என்ன சொன்னான்?"

ஞானசிகாமணி வாயைத் திறந்தார். இருநூறு மேடையில் அந்த மனிதனை எழுப்பி நடக்கவைத்தவர், அவன் பேசிய ஒரே ஒரு வார்த்தையைத் தேடினார். கிடைக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லலை" என்றார்.

"இயேசு யாரைப் பாத்தார்?"

"தூக்கிட்டு வந்தவங்களை. அவங்க விசுவாசத்தை" என்று முணுமுணுத்தார். தள்ளி நின்ற வேதமாணிக்கத்தைப் பார்த்தார். அவனுடைய சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது.

கையை நீட்டினார். சலோமி ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கொடுத்தாள். விழுங்கித் தண்ணீர் குடித்தார். ஒன்றும் ஆகிவிடவில்லை. நெஞ்சில் கனம் அப்படியேதான் இருந்தது. மறுபடி கோபம் வந்தது.

"நாளைக்கும் என்னால எந்திரிக்க முடியாது. சொல்லிட்டேன்."

சலோமி வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நான் கால்மாட்டுக்குப் போயிடறேன், அண்ணே. மாசிலாமணி அண்ணன் என் இடத்துல பிடிக்கட்டும். இன்னைக்குக் கட்டில் சாய்ஞ்சுபோச்சு."