கால் எட்டாத சைக்கிள்

குருவுக்கு முப்பத்துநான்கு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. ஞானக் கதையில் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும் என்று யாராவது சண்டைக்கு வந்தால், கோவைக்குப் போய் அந்த இரண்டு பேரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

ரெஜினா வார நாட்களில் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் சைக்கிள் பிரேம் செய்வாள். விற்பதற்கில்லை, ஆசைக்குத்தான். இரும்புக் குழாயை அறுத்து, அரத்தால் ராவி, பித்தளையை உருக்கி மூட்டுகளில் ஓடவிட்டு, ஆளுக்கு ஏற்ற மாதிரி ஒரு வண்டி. ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள். அவளிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. ஓட்டப்போகிற ஆளை வெறுங்காலோடு சுவரோரம் நிறுத்தி அளக்காமல் குழாயில் கை வைக்கக் கூடாது.

வெள்ளியங்கிரி அங்கே முதன்முதலாக வந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது. மோட்டார் பம்ப் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதர் அவர்.

"யாருக்குங்க சார் வண்டி?"

"பையனுக்குங்க டீச்சர்."

"அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. அளந்துரலாம்."

அவர் பையிலிருந்து ஒரு பேண்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டும் இஸ்திரி போட்டு மடித்திருந்தன.

"இதுல அளந்துக்குங்க. போன ஐப்பசியில டெங்கு வந்து போயிட்டானுங்க."

ரெஜினா பேண்ட்டை விரித்து உள்தையலில் டேப்பை ஓட்டினாள். சட்டையின் கையை அளந்தாள். ஆள் ஆறடிக்கு மேலே இருந்திருப்பான். எதிரே நின்ற தகப்பனோ அவள் காதளவுக்குத்தான் இருந்தார்.

"அவங்கம்மா வீட்டு வாகுங்க," என்றார் வெள்ளியங்கிரி, கேட்காமலே.

"குனிஞ்சு ஓட்டுவாரா, நிமிந்து ஓட்டுவாரா?"

அவர் மேஜைமேல் கிடந்த சட்டையின் காலரை நீவிவிட்டார்.

"கையை நல்லா நீட்டிப் புடிப்பாரா?"

"பாத்ததில்லீங்க."

மகன் சபரீஷ் விடிவதற்கு முன்னாலேயே சைக்கிளில் கிளம்பிவிடுவான். பல்லடம், பெருந்துறை, ஒரு நாள் வால்பாறைக்கே மிதித்துப் போய்விட்டு வந்து நின்றான். கல்யாண வயசில் என்னடா சைக்கிள் விளையாட்டு என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். தன் அளவுக்கு ஒரு வண்டி தானே செய்யணும், இங்கே ஒரு டீச்சர் சொல்லித் தர்றாங்களாம் என்று அவன் ஆசையாகச் சொன்ன அன்றைக்கும், "போடா, பொழப்பப் பாரு" என்று பேச்சை முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவன் அந்த வண்டியைப் பற்றி எடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. அந்தப் பேச்சை நினைத்தால் இப்போது அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

"கூட ஓட்டுனவங்களக் கேட்டுட்டு வாங்க," என்றாள் ரெஜினா. "அது தெரியாம சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல வர்ற மேல் குழாயை அறுக்க முடியாதுங்க."

பெற்ற மகன் எப்படி உட்காருவான் என்று அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளிடம் விசாரிக்கப் போகிற கொடுமை எந்தத் தகப்பனுக்கும் வர வேண்டாம். வெள்ளியங்கிரி போனார், கேட்டார். அவனுடைய சிநேகிதன் ஒருவன், நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து செய்தே காட்டினான்.

அடுத்த ஞாயிறு வந்து, "ரொம்பக் குனிய மாட்டானாமுங்க. வேடிக்கை பாத்துட்டே வருவானாமா," என்று சொல்லிவிட்டு வெள்ளியங்கிரி அரத்தைக் கையில் எடுத்தார்.

விரலைச் சுட்டுக்கொண்டார். இரண்டு குழாயைக் கோணலாக அறுத்துத் தூக்கிப் போட்டார். ஒரு மூட்டில் பித்தளை ஓடாமல் திட்டுத் திட்டாக நின்று, அதை உருக்கி எடுத்து மறுபடி செய்தார். ஆடிக் காற்று தகரத்தைப் பிய்க்கிற நேரத்துக்கு வண்டி எழுந்து நின்றுவிட்டது.

"சரியா வந்திருக்குங்களா டீச்சர்?"

"மூட்டெல்லாம் சுத்தமா இருக்கு. கோணல் இல்ல."

"அது இல்லீங்க. அவனுக்குச் சரியா இருக்குமுங்களா?"

"அது அவர் உக்காந்து பாத்தாத்தாங்க தெரியும்."

வெள்ளியங்கிரி சீட்டை உள்ளங்கையால் துடைத்தார்.

"நீங்க ஏறுங்க," என்றாள் அவள்.

அவள் பிடித்துக்கொள்ள, ஒரு ஸ்டூல்மேல் கால் வைத்து ஏறினார். பெடல் எங்கேயோ கீழே இருந்தது. குழந்தையைத் தூக்கி உட்கார்த்தியதுபோல இரண்டு காலும் தொங்கின. இறங்கியவர் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது முடிக்கிறவரை ரெஜினா அரங்களைத் துடைத்து அடுக்கினாள்.

"வீட்ல சொல்றாங்க, உங்க உயரத்துக்குக் குறைச்சு வாங்கிட்டு வாங்க, கடைக்குப் போகவாச்சும் ஆகும்னு. மச்சான் சொல்றாரு, உசரமான பையன் யாருக்காச்சும் குடுத்துரு, கண்ணு முன்னால வேண்டாம்னு. நான் என்ன பண்ணட்டும் டீச்சர்? எதைப் பண்ணுனா இந்தப் பாரம் இறங்கும்?"

ரெஜினா சக்கரங்களைக் கழற்றி, பிரேமை மேஜையோரத்து வைஸில் இறுக்கி, சீட்டுக் குழாயில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். இரும்பு அறுக்கிற ஹாக்ஸாவை அவர் கையில் கொடுத்தாள்.

"இங்க அறுத்தா உங்க அளவுக்கு வந்துருங்க. மீதியெல்லாம் பித்தளை விட்டுத் திருப்பிப் பத்த வெச்சுக்கலாம்."

அவர் பிளேடைக் கோட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். இரும்பு கீச்சென்றது. அதோடு நிறுத்திவிட்டார். விழுந்த கீறலைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"முடியலீங்க."

"சரி. எங்க லேப்ல ஒரு தம்பி இருக்காரு. இதே உயரம். வரச் சொல்லட்டுங்களா?"

அவள் போனை எடுத்ததும் வெள்ளியங்கிரி ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங்க."

"சரிங்க."

"அப்ப இத வெச்சுட்டு நான் என்னதாங்க பண்றது?"

ரெஜினா சக்கரங்களைத் திரும்ப மாட்டினாள். வண்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தாள். சுவரில் சாய்த்திருந்த தன் சைக்கிளையும் எடுத்தாள். ஏறவில்லை.

"வாங்க. குளம் வரைக்கும் போலாம்."

"என்னால ஓட்ட முடியாதுங்களே."

"தள்ளிட்டு வாங்க."

இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். மகனுடைய சீட்டு தகப்பனின் விலா உயரத்துக்கு இருந்தது. கையைத் தூக்கித்தான் ஹேண்டிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. டீக்கடை வாசலில் நின்ற ஒருவர், "என்னங்க, ரெண்டும் பஞ்சரா?" என்று கேட்டார். வெள்ளியங்கிரி இல்லை என்று தலையாட்டிவிட்டு நடந்தார். வெயில் ஏறியது. எதிர்க்காற்று வேறு.

"எதுவரைக்கும் இப்படித் தள்றதுங்க டீச்சர்?"

அவள் ஒரு பள்ளத்தைச் சுற்றித் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்றுவிட்டார்.

"கை வலிக்குதுங்க."

ரெஜினாவும் நின்றாள்.

"வலிக்கத்தாங்க செய்யும். வண்டிக்கு அந்தப் பக்கமா வந்து தள்ளுங்க. இந்தக் கை கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்."