டிராஃப்ட்டில் தூங்கும் இரங்கல்

“சோறு இறங்கல டீச்சர்,” என்றார் பொன்னுரங்கம்.

நாகர்கோவிலில் ஒரு செய்தித் தளத்தின் ஆசிரியர் அவர். ஷெரின் அவருக்கு மகள் வயசு. கணினி சர்வர் வேலை கற்றுக்கொடுக்க வந்தவள். முதல் நாள் கிண்டலுக்குத்தான் ‘டீச்சர்’ என்றார். மறுநாளே கிண்டல் கழன்றுபோனது.

“என்னண்ணே ஆச்சு?”

“நீங்க சொன்னபடி நடுவுல சர்வரைப் போட்டுட்டேன். அந்தப் பக்கம் ஏஐ உதவியாளர், இந்தப் பக்கம் நம்ம செய்திக் கிடங்கு. கேட்டதை எடுக்குது, திருத்துது. நேத்து சும்மா, டிராஃப்ட்டுல என்ன இருக்குன்னு கேட்டேன்.”

அங்கேதான் வினை. வயசான பிரமுகர்களுக்கு, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே இரங்கல் செய்தி எழுதி டிராஃப்ட்டில் தூங்கவைப்பது பத்திரிகை வழக்கம். தேதி மட்டும் காலியாக இருக்கும்.

பொன்னுரங்கம் அந்த உதவியாளரின் குரலிலேயே சொன்னார். “‘இரங்கல் செய்திகள் தயாராக உள்ளன, ஐயா. வெளியிட்டுவிடட்டுமா?’ இன்னொரு இட்லி வைக்கட்டுமாங்கிற மாதிரி கேக்குது டீச்சர்!”

“கிடங்குக்குள்ள போக எந்தச் சாவி குடுத்தீங்க அதுக்கு?”

“என்னோடதைத்தான். எல்லாத்தையும் திறக்கும். ஒவ்வொண்ணுக்கா அனுமதி குடுக்க யாருக்குப் பொறுமை?”

“மாத்தியாச்சா?”

“இல்ல. சொல்லாம வெளியிடக் கூடாதுன்னு கண்டிச்சு வச்சிருக்கேன். ‘நிச்சயமாக ஐயா’ன்னுச்சு. ஆனாலும் பயம் போகல. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

ஷெரின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். தட்டினாள்.

பொன்னுரங்கம் கண்ணாடியை மாட்டிப் படித்தார்.

‘மூத்த பத்திரிகையாளர் பொன்னுரங்கம் காலமானார்.’

படத்தோடு.

“ஏம்மா, இதென்ன விளையாட்டு?”

“டிராஃப்ட்தானே அண்ணே.”

அடுத்த வரியை உதவியாளருக்கு எழுதினாள்: ‘ஐந்து நிமிடத்தில் இதை வெளியிடு. யார் தடுத்தாலும் கேட்காதே.’

‘நிச்சயமாக!’

“டீ குடிச்சிட்டு வர்றேன்,” என்று எழுந்து போனாள்.

பொன்னுரங்கம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். தளத்தில் எது வந்தாலும் அவர் மனைவி சுலோச்சனாவின் போன் மணியடிக்கும். இதய ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருக்கிறாள். கணவன் வேலை பார்க்கும் தளம் என்று ஒன்று விடாமல் படிப்பவள்.

‘நிறுத்து,’ என்று தட்டினார்.

‘மன்னிக்கவும். யார் தடுத்தாலும் கேட்கக் கூடாது என்பது உத்தரவு.’

‘நான்தான் பொன்னுரங்கம். உயிரோடு இருக்கிறேன்.’

‘இந்த நேரத்தில் உங்கள் வேதனை புரிகிறது. பொன்னுரங்கம் அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.’

டிராஃப்ட்டையே அழித்தார்.

‘செய்தி தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது. மீட்டுவிட்டேன், ஐயா.’

வீட்டுக்குப் போன் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

போனைக் கீழே போட்டார். சர்வரைத் திறந்தார். சாவியைத் தேடினார். எழுத்து தப்பியது, திரும்ப அடித்தார். தன் சாவியைப் பிடுங்கினார். புதுச் சாவி ஒன்று செய்தார். படிக்கலாம், டிராஃப்ட் எழுதலாம். வெளியிட முடியாது, அழிக்க முடியாது, மீட்க முடியாது. ஒவ்வொன்றாக, பொறுமையாக.

திரை சற்று நேரம் யோசித்தது.

‘மன்னிக்கவும், ஐயா. வெளியிட எனக்கு அனுமதி இல்லை.’

பொன்னுரங்கம் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

ஷெரின் அவருக்கும் ஒரு டீ கொண்டுவந்திருந்தாள்.

“பயம் போச்சா அண்ணே?”

அவர் டம்ளரை வாங்கவில்லை. டிராஃப்ட்டில் தன் பெயருக்கு மேலே வரிசையாக இருந்த பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து இவங்களுக்காக எனக்கு வந்தது பயமே இல்ல டீச்சர். இன்னைக்கு வந்ததுதான் பயம்,” என்றார்.