மூன்று மடங்கைத் தின்றது யார்?

இந்தக் கதையைப் பொறுமையாகச் சொல்ல எனக்கு வராது. கோபத்தோடுதான் சொல்வேன். ஆனால் எண்களில் பிசகு இருக்காது. விடை தேடுகிறவர்களுக்கு அவை வேண்டும்.

குளத்தை மூடிப் போட்ட மனை ஒன்றில் மூன்று தளத்தில் வீடு கட்ட நினைத்தார் வைத்திலிங்கம். மண்ணைச் சோதிக்க ரெஜினா என்பவர் சித்திரை வெயிலில் வந்து துளை போட்டார். சதுர மீட்டருக்கு முப்பத்தாறு டன் ஏற்றினால் மண் உடைந்து உள்வாங்கும் என்று கண்டார். அதை மூன்றால் வகுத்து, பன்னிரண்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று எழுதினார். நமக்குத் தெரியாமல் ஏதாவது கோளாறு வந்தால் தாங்கத்தான் அந்த மூன்று மடங்கு. கடைசிப் பக்கத்தில் இதையும் சேர்த்தார்: "இது காய்ந்த மண். நீர் ஏறினால் தாங்குதிறன் பாதியாகும். ஐப்பசி மழைக்குப் பின் மறுபடி சோதிக்க வேண்டும்."

இன்ஜினியர் ஞானசேகரன் அதைப் படித்தார். ஆனால் ஆடி பிறந்தால் கடைக்கால் போட மாட்டார்கள். வைகாசியிலேயே முகூர்த்தம் குறித்தாயிற்று. பாதியானாலும் பதினெட்டு இருக்கிறதே, நம் மூன்று தளத்தின் பாரம் பன்னிரண்டுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். நீரைப் பற்றி வைத்திலிங்கத்திடம் மூச்சுவிடவில்லை. "முப்பத்தாறு டன் தாங்கும் சார், மூணு மடங்கு பலம்!" என்று பெருமையடித்ததோடு சரி.

மூன்று மடங்கு என்றதும் வைத்திலிங்கத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. யாரையும் கேட்காமல் மேஸ்திரியை வைத்து இன்னும் இரண்டு தளம் ஏற்றினார். பாரம் சதுர மீட்டருக்கு இருபது டன் ஆனது. இடையில் வந்த மழைக்காலம் பொய்த்ததால் ஒன்றும் நடக்கவில்லை. மறு வருடம் ஆவணியில் கிரகப்பிரவேசம். லிஃப்ட் இன்னும் வரவில்லை. ஐந்தாம் தளத்துப் பந்திக்கு மூச்சு வாங்க ஏறி வந்த ஞானசேகரனுக்குப் பொன்னாடை போர்த்தி, முதல் இலை போட்டார்கள்.

ஐந்தில் கீழ்த்தளத்தில் மரகதம் தையல் மிஷினோடு குடிவந்தாள். கார்த்திகையில் ஒரு வாரம் விடாத மழை. ஒரு மதியம் கட்டடம் ஒரு பக்கமாக இறங்கியது. வெளியே ஓடியவளின் வலது கை, நசுங்கிய கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் ரெஜினா சொன்னார்: "இன்ஜினியர்கிட்ட எழுதிக் குடுத்தேன். அப்புறம் அந்தப் பக்கம் நான் போகவே இல்ல."

"தண்ணி வந்தாலும் பதினெட்டு தாங்கும். நான் போட்டது மூணு தளத்துக்கு. என் தப்பு மட்டும்னா கட்டடம் நின்னிருக்கும்" என்றார் ஞானசேகரன்.

வைத்திலிங்கம் குரலை உயர்த்தினார். "முப்பத்தாறுன்னு சொன்னது இவர்தான். நான் ஏத்துனது இருபது. தண்ணியப் பத்தி எனக்கு யார் சொன்னா? என் தப்பு மட்டும்னாலும் நின்னிருக்கும்!"

இருவர் கணக்கும் சரிதான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மரகதம் கட்டுப் போட்ட கையைத் தூக்கினாள். "எல்லார் கணக்கும் சரின்னா, என் கை எங்கய்யா போச்சு?"

சொல்லுங்கள். அந்தக் கைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் இம்மூவரில் யார்?

விடை: ரெஜினாவுக்கு நீர் தெரியும், ஐந்து தளம் தெரியாது. வைத்திலிங்கத்துக்குத் தளம் தெரியும், நீர் தெரியாது. அவர் பேராசைக்குரிய தண்டனை அவருக்கு உண்டு. இரண்டும் தெரிந்தவர் ஒருவர்தான். பதினெட்டு டன் மண்மேல் இருபது டன் நிற்கப்போகிறது என்பது, ஐந்து தளம் ஏறி இலை முன் உட்கார்ந்த ஞானசேகரனுக்குத் தெரியும். ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மரகதம் அங்கே குடிவந்திருக்க மாட்டாள். அவர் வாய் திறந்தார். பாயசம் இன்னொரு கரண்டி கேட்டார்.