வாலோடு பிறந்த குட்டி

அன்று தாழந்தீவுப் பாறையில் கூடியிருந்தவர்கள்: கடுவன் பூனைகள் நான்கு, பெட்டைப் பூனைகள் ஐந்து, இரண்டு மாதக் குட்டிகள் இரண்டு, நாரை ஒன்று.

பெரிய பூனைகள் ஒன்பதுக்கும் வால் கிடையாது. அந்தத் தீவுப் பூனைகள் அப்படித்தான். வாலோடு ஒரு குட்டி பிறந்துவிட்டால், பால் மறந்ததும் கருவாடு ஏற்ற வரும் படகில் போட்டு அக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். அது அவர்கள் வழக்கம்.

சாம்பி என்ற பெட்டை அந்த ஈற்றில் நான்கு குட்டி போட்டாள். இரண்டு இறந்தே பிறந்தன. மூன்றாவது, சின்னவள். அவளுக்கு வால் இல்லை, பின்னங்கால்களும் நிற்கவில்லை. நான்காவது, சுட்டி. அவனுக்கு ஒரு சாண் வால். பாறைக்குப் பாறை தாவினான்.

"படகு வந்தாச்சு. அவனைத் தூக்கு," என்றான் தலைவன் கூழையன்.

"அண்ணே, எனக்கு நடக்கிற பிள்ளை இவன் ஒருத்தன்தான்," என்றாள் சாம்பி.

"அம்மா, நீயே கடிச்சு எடுத்துடு. நான் அழ மாட்டேன்," என்றான் சுட்டி.

சாம்பி அந்த வாலை வாயில் வைத்தாள். பல் அழுந்தவில்லை. நக்கிக் கொடுத்துவிட்டு விட்டுவிட்டாள்.

"கடிச்சாலும் பிரயோசனம் இல்லை. நாளைக்கு இவன் பிள்ளைக்கு முளைக்கும்," என்றான் கூழையன்.

நாரை தொண்டையைச் செருமியது. "மூணு வருஷமா பார்க்கிறேன். பதினேழு குட்டி பிறந்தது. வாலோட அஞ்சு, அஞ்சும் நல்லா ஓடுச்சு. நாலு படகில் போயாச்சு, இவன் அஞ்சாவது. வாலில்லாம பன்னிரண்டு. அதில் உயிரோட இருக்கிறது சின்னவள் மட்டும்தான்."

"முதல்ல உன் காலை எண்ணு. எப்பப் பார்த்தாலும் ஒண்ணுதான் தெரியுது," என்றான் கூழையன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்போ நானும் இவனோட போறேன்," என்றாள் சாம்பி.

"போ. ஆனா வாலில்லாத பிள்ளையைத் தீவை விட்டு அனுப்ப மாட்டோம். சின்னவளை யார் பார்த்துக்குவா?" என்றான் கூழையன்.

சாம்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொருவராக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சுட்டியைக் கழுத்தில் கவ்வி, அவளே படகுக்குக் கொண்டுபோனாள். சாக்குகளுக்கு நடுவே அவனை வைத்தாள்.

"தூங்கும்போது வாலை மூக்கு மேல சுத்திக்குவியே, அங்கேயும் அப்படியே தூங்கு. குளிராது."

"நீ எப்போம்மா வருவே?"

அவள் அவன் வாலை இன்னொரு முறை நக்கிவிட்டுக் கரையில் குதித்தாள். படகு புறப்பட்டது.

நான்காம் நாள் சின்னவள் இறந்தாள். "அடுத்த ஈற்றில் பார்த்துக்கலாம்," என்றான் கூழையன். அடுத்த ஈற்றில் இருவருக்கு வால் இருந்தது. அவர்களும் படகில் போனார்கள். வாலில்லாத மூவரும் பத்து நாள் தாண்டவில்லை.

மறு மழைக்குள் கிழப்பூனைகள் மூன்று செத்தன. கூழையனும் அதில் ஒருவன்.

தன்னைப் போல் இல்லை என்று பிள்ளையை விரட்டும் இனம் பிள்ளை இல்லாமலே அழியும். தாழந்தீவில் மிஞ்சிய பூனைகள் ஆறு.