மகிழமரத்தடிக் குழி

முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ராஜாவைப் பற்றி அப்புறம் சொல்லலாம், அவர் எங்கே ஓடிவிடப் போகிறார்? எலி பிடித்துப் பிழைக்கும் மூக்கன் என்பவனின் இரண்டு கட்டைவிரல்களையும் வெட்டச் சொல்லி உத்தரவானது. குற்றம் என்னவென்றால், அரண்மனை முற்றத்தில் ஐந்து குழிகள் இருந்தன. அவன் தோண்டுவதை யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

வெகுகாலத்துக்கு முன்பு கொற்றையூரைக் குணவீரன் என்ற ராஜா ஆண்டார். அவருக்குக் காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு. நெற்களஞ்சியத்தில் எலி பெருகியபோது, அரண்மனை அதிகாரி சபாபூஷணர் மூன்று வருஷம் பூனை வளர்த்துப் பார்த்தார். பூனைகளும் கொழுத்தன, எலிகளும் கொழுத்தன. மூக்கன் வந்தான், பத்தே நாளில் களஞ்சியம் சுத்தம்.

"சபாபூஷணரே, உம்மால் ஆகாததை இவன் செய்துவிட்டானே!" என்று சபையிலேயே ராஜா சிரித்தார்.

சபாபூஷணருக்கு வயிறு எரிந்தது. மண்ணில் கால் படாத மனிதர் அவர். காலில் மரக்குறடு மாட்டாமல் தோட்டத்தில் இறங்கமாட்டார். அவரைப் போய் எலி பிடிப்பவனோடு ஒப்பிடுவதா?

அடுத்த மாதம் முற்றத்தில் குழிகள் தெரிந்தன. "உங்கள் பாட்டனார் புதைத்த பொன்னைத் தேடுகிறான், மகாராஜா. தோண்டுவதுதானே இவன் குலத்தொழில்!" என்றார் சபாபூஷணர். அவ்வளவுதான் ஆதாரம். ராஜாவுக்கு அது போதுமாக இருந்தது. மூக்கனின் காலைத் தொழுமரம் என்ற துளைக்கட்டையில் பூட்டினார்கள். மூன்றாம் நாள் விரல் வெட்டு. கட்டைவிரல் போனவன் கடப்பாரையை எப்படிப் பிடிப்பான்?

இரண்டாம் நாள் அவன் மனைவி பூவாயி சபைக்கு வந்தாள்.

"சாமி, அந்தக் குழிங்களை வந்து பாருங்க. தோண்டினது யாருன்னு நான் சொல்றேன்."

"ஒன்று தப்பினாலும் உன் விரலும் போகும், பெண்ணே."

"போகட்டும், சாமி. வாங்க."

சபையே முற்றத்தில் இறங்கியது. குளக்கரையில் முதல் குழி. "வாயில உருண்டை உருண்டையா சேறு கிடக்கு பாருங்க. இது நண்டு."

மதிலோரம் இரண்டாவது. "புது மண்ணைக் குவியலா வெளிய தள்ளியிருக்கு. பெருச்சாளி வளை."

கிழங்குப் பாத்தியில் குனிந்து ஒரு நீள முள்ளை எடுத்து நீட்டினாள். "முள்ளம்பன்றி. கிழங்குல பல்லு பதிஞ்சிருக்கு."

புல்தரையில் விரல் நுழையும் அளவு குழி. "கீரி. வண்டுப் புழுவுக்காகக் கிளறினது."

ஐந்தாவது, வேப்பமர நிழலில் அகலமான பள்ளம். பூவாயி தயங்கினாள்.

"என்ன, மாட்டிக்கொண்டாயா?" என்றார் சபாபூஷணர்.

"இல்லீங்க, சொல்லலாமான்னு பார்த்தேன். இது மகாராஜாவோட வேட்டைநாய். வெயிலுக்குக் குளிர்ச்சியாப் படுக்கத் தோண்டியிருக்கு. மயிர் ஒட்டியிருக்கு பாருங்க."

சிரிப்பை எல்லாரும் விழுங்கினார்கள். ராஜா சிரிக்கவில்லை, குனிந்து அந்த மயிரை எடுத்துப் பார்த்தார்.

பூவாயி சபாபூஷணரைப் பார்த்தபடி உரக்கச் சொன்னாள்: "பொன் தேடுறவன் முதல்ல எங்க தோண்டுவான்? பாட்டனார் தினமும் உட்கார்ந்த மகிழமரத்தடியில. அங்க ஒரு குழிகூட இல்லையே, சாமி!"

"நாளைக் காலை முடிவு சொல்கிறேன். அதுவரை வெளியாள் ஒருவரும் உள்ளே வரக்கூடாது" என்றார் ராஜா.

விடிந்தது. மகிழமரத்தடியில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி.

"பார்த்தீர்களா, மகாராஜா! இவள் பொய் சொன்னாள்! இதோ பொன் தேடிய குழி!" என்று கூவினார் சபாபூஷணர்.

ராஜா குழியின் விளிம்பில் வந்து நின்றார். "நேற்று இங்கே குழி இல்லை, நானே பார்த்தேன். மூக்கன் தொழுமரத்தில் கிடக்கிறான். வாசலில் காவல். பெண்ணே, இது எந்த விலங்கு?"

பூவாயி குழியருகே உட்கார்ந்தாள். "நண்டு குடியிருக்கத் தோண்டும். முள்ளம்பன்றி பசிக்குத் தோண்டும். இதுல வளையும் இல்ல, தின்ன மிச்சமும் இல்ல. வேரு நறுக்குன்னு வெட்டுப்பட்டிருக்கு. இது பல்லு இல்ல, மண்வெட்டி. காலடியைப் பாருங்க, சாமி. நகமும் இல்ல, விரலும் இல்ல."

ஈர மண்ணில் மரக்குறட்டின் தடம் அச்சாகப் பதிந்திருந்தது. எல்லாக் கண்களும் ஒரே ஜோடிக் கால்களுக்குப் போயின. சபாபூஷணர் பின்வாங்கினார், குறடு 'டக்'கென்றது.

"குறட்டைக் கழற்றும்" என்றார் ராஜா. "ஆறு குழிகளையும் உம் கையாலேயே மூடும். மூடிய பிறகு, இந்த அரண்மனையில் உமக்கு வேலை இல்லை."

மூக்கனைத் தூக்கிவந்து உட்கார வைத்தார்கள். கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. ராஜா தன் பட்டுச் சால்வையைப் பூவாயிக்குப் போர்த்தி, களஞ்சியப் பொறுப்பை மூக்கனுக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் மனசு ஆறவில்லை.

"இவ்வளவு தெரிந்தவர்கள், முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

பூவாயி புருஷனின் காலைத் தடவிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"முதல் நாளே சொன்னாருங்க, சாமி. 'குழியைப் பாருங்க'ன்னு கும்பிட்டுச் சொன்னாரு. நீங்க அவரைத்தான் பார்த்தீங்க."